முழங்கை நீள விமானம்

சனிக்கிழமை, மாலை 5.20.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய சரஸ்வதி, பட்டுச்சேலையை மடித்து வைக்க அலுமாரியைத் திறந்தாள். நகைப்பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. உள்ளே இருந்த ஏழு பவுன் சங்கிலியைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.05.

பதுளைக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் றஷீனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரஸ்வதியின் முன்னறைக் கதிரையில் உட்காருவாள், எழும்புவாள், ஜன்னல் வரை போய்த் திரும்புவாள். சுவரோரம் பாக்கியலெட்சுமி நின்றாள். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையிலிருந்து வந்து, காலையில் றஷீனாவின் கடையையும் பிற்பகலில் இந்த வீட்டையும் கூட்டித் துடைப்பவள். "கை சுத்தமானவ, நான் பொறுப்பு" என்று சொல்லி இங்கே சேர்த்துவிட்டதே றஷீனாதான்.

"பத்து மணிக்குள்ள சங்கிலி வரல்லைன்னா போலீசுக்குப் போன் போட்டுருவேன்," என்றார் சரஸ்வதியின் கணவர் பாலசுப்பிரமணியம். மொத்த வியாபாரி. சொன்னால் சொன்னதுதான் என்று பேர் எடுத்தவர்.

"நான் எடுக்கலீங்க முதலாளி." பாக்கியலெட்சுமி ஓரடி முன்னால் வந்தாள்.

ஒருவேளை எடுத்திருப்பாளோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டதற்காக றஷீனாவுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"நேத்து நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்த ரெண்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் இடையில வீட்டுல யார் அண்ணே?"

"பாக்கியம். மாடியில என் மச்சான் கிருஷ்ணராஜ்."

"தேடிப் பார்த்தீங்களா?"

"இவ பையையும் பார்த்தாச்சு, லயத்துல இவ இருக்கிற காம்பராவையும் பார்த்தாச்சு. மச்சான் தன் பையைத் தானே கொட்டிக் காட்டினான். நாங்க கேட்கவே இல்ல."

9.20. மாடி.

கிருஷ்ணராஜுக்குக் கொழும்பில் வேலை. லீவில் அக்கா வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருப்பான். முப்பது வயதில் என்ன விளையாட்டு என்று அத்தான் முனகுவது அவன் காதில் ஏறாது. சுவர்த் தட்டில் ஐந்து விமானங்கள் நின்றன. விமானி உட்காரும் கூண்டின் மேல்கண்ணாடி ஐந்திலும் பளிச்சென்று இருந்தது. கண்ணாடி என்றால் றஷீனாவின் கண் சும்மா இருக்காது. ஆறாவது விமானம் முழங்கை நீளம், மேசையில் இருந்தது. பக்கத்தில் அட்டைப்பெட்டி. பதினொரு மணி பஸ்ஸில் அவனோடு அதுவும் கொழும்புக்குப் போகிறதாம்.

"நேத்து என்ன செஞ்சீங்க தம்பி?"

"கூண்டுக்குள்ள உலோக பார்ட்ஸ் வச்சேன். சீட், பெல்ட், மீட்டர் பலகை, எல்லாம் பித்தளைத் தகடு. விமானத்தோட வாற பிளாஸ்டிக்ல இந்த நுணுக்கம் வராது. தனியா வெளிநாட்டுல இருந்து எடுப்பிச்சது."

"எதால ஒட்டுறது?"

"பிளாஸ்டிக் பசை பித்தளையில பிடிக்காது. சூப்பர் குளூதான்."

"எப்ப முடிஞ்சது?"

"நாலரைக்கு. உடனே மேல்கண்ணாடியையும் ஒட்டிட்டேன்."

"மத்த அஞ்சுக்கும் இப்படித்தானா?"

"இல்ல, அதெல்லாம் ஒரு நாள் திறந்து வச்சு..." அவன் நிறுத்திக்கொண்டான்.

றஷீனா குனிந்தாள். புது விமானத்தின் கண்ணாடியில் மட்டும் வெள்ளைப் படலம்.

"பதுளைப் பனி, மிஸ்."

கைப்பையிலிருந்த லென்ஸ் துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. படலம் உள்பக்கம் இருந்தது.

9.50. எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

"உடைஞ்ச மூக்குக்கண்ணாடியைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு பேராவது என் கடைக்கு வாறாங்க. லென்ஸ் இப்படித்தான் வெளுத்திருக்கும். அந்தப் பசை காயும்போது ஆவி விடும். மூடி வச்சா ஆவி உள்ளுக்கே படிஞ்சிரும். தம்பிக்கு இது நல்லாத் தெரியும். அஞ்சு விமானத்தையும் ஒரு நாள் ஆறவிட்டுத்தான் மூடியிருக்கார். ஆசைப்பட்டு வெளிநாட்டு பார்ட்ஸ் போட்ட விமானத்தை மட்டும் ஏன் அவசரப்பட்டு மூடிக் கெடுத்தார்?"

விமானத்தின் மூக்கை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மூக்கு உள்ளுக்கு வெறும் கூடு. அதுக்குள்ள ஒரு பொருளைப் போட இந்தக் கூண்டு ஒண்ணுதான் வழி. நீங்க அஞ்சு மணிக்கு வருவீங்க. அதுக்குள்ள அந்த வழியை அடைக்கணும். பையைக் கொட்டிக் காட்ட அவருக்கு என்ன பயம்? சங்கிலி பையில இல்லையே."

கிருஷ்ணராஜ் கையை நீட்டுவதற்குள் பாலசுப்பிரமணியம் விமானத்தை எடுத்து மூக்கை முறித்தார். சத்தம் வராமல் அடைத்திருந்த பஞ்சோடு சேர்ந்து ஏழு பவுனும் மேசையில் விழுந்தது.

சரஸ்வதி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பாலசுப்பிரமணியம் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி பாக்கியம், பொருள் கிடைச்சிருச்சு. இது வீட்டு விஷயம், வெளிய கதைக்க வேணாம். கீழ போய் வேலையைப் பாரு."

பாக்கியலெட்சுமி நகரவில்லை.

"நான் எடுத்திருந்தா போலீஸ் விஷயம். உங்க மச்சான் எடுத்தா வீட்டு விஷயமுங்களா முதலாளி?"

9.58. பாலசுப்பிரமணியம் மனைவியைப் பார்த்தார். அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு பாக்கியலெட்சுமியைப் பார்த்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"பத்து மணின்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் கணவரிடம். "போனை எடுங்க."