மைனஸ் மூன்று

மெயின் ஸ்விட்சை இறக்கிப் பத்து நிமிடம் ஆகியும் டிரைவின் திரை அணையவில்லை.

சகாயம் நீலச் சட்டையின் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றேகால். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இந்தப் பெட்டி, கரண்ட் நின்ற பிறகும் வயிற்றுக்குள் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஐந்து நிமிடத்தில் அதுவும் வடிந்து திரை இருண்டுவிடும். அதுவரை மூடியில் கை வைக்காதே என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். குன்னூரிலிருந்து பந்தலூர் வரைக்கும் எந்தத் தேயிலை ஃபாக்டரியில் டிரைவ் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இன்று அவன் வந்திருந்தது பழுது பார்க்க அல்ல, தன் தப்பை அழிக்க.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் கரண்ட் ஒரு நாளில் பத்துத் தடவை போய்வரும். ஒவ்வொரு தடவையும் ஆள் நடந்து வந்து பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது, இலை வீணாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கரண்ட் வந்ததும் இலையை நசுக்கும் ரோலர் தானாகவே ஓடும்படி சகாயம் செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றிவைத்தான். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று. வேலையாட்கள் யாருக்கும் சொல்லவில்லை. கரண்ட் போன நேரம் பார்த்து ரோலரில் அடைத்த இலையைக் கையால் நோண்டி எடுப்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சோம்பேறி. போன வியாழக்கிழமை, ரோலரில் இலை போடும் மருதாம்பாள் கையை உள்ளே விட்டிருந்தபோது கரண்ட் வந்தது. தோள்வரை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் செத்துப்போனாள்.

ஆப்பரேட்டர் ஆறுக்குட்டி கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டான் என்று போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். அதில் சாட்சிக் கையெழுத்து சகாயத்துடையது. ஆறுக்குட்டி இப்போது ஜெயிலில் இருக்கிறான். நாளை ஃபாக்டரி ஆய்வாளர் வந்து டிரைவைப் பார்க்கும்போது அந்த ஒன்று அங்கேயே இருந்தால் ஆறுக்குட்டி வெளியே வருவான், சகாயம் உள்ளே போவான். விஷயம் அவ்வளவுதான்.

ஒன்றை மூன்று தடவை பூஜ்யமாக்கிவிட்டான். மூன்று தடவையும் அது ஒன்றாகவே திரும்பி வந்தது. திரை ஒருமுறை முழுசாக அணைந்து எரிந்தால்தான் புது எண் நிற்கும் என்று மெயினை இறக்கினான். திரை அணைய மறுத்தது.

போன் அடித்தது. மேனேஜர்.

"முடிஞ்சுதா சகாயம்?"

"அஞ்சு நிமிசம் சார்."

"காலைல இருந்து இதையேதான் சொல்றீங்க. நாளைக்கு பத்து மணிக்கு அவரு வந்துருவாரு. எங்கிட்ட வந்து அழாதீங்க." வைத்துவிட்டார்.

அவர் மேல் வந்த கோபத்தைச் சகாயம் ஸ்க்ரூடிரைவரில் காட்டினான். கரண்ட் உள்ளே வரும் முனைகளில் மீட்டரை வைத்தான். சுத்தமாகப் பூஜ்யம். ஜெனரேட்டர் பூட்டிக் கிடந்தது. வேறு லைன் எதுவும் இந்தப் பெட்டிக்குக் கிடையாது. ஜன்னல் இடுக்குகளில் பனி நுழைந்து பகலையே சாம்பல் நிறமாக்கிவிட்டிருந்தது. ஒரு வாரமாகக் கழுவாத இலையின் புளித்த வாடையும், அதற்கு அடியில் துருப்பிடித்த காசைப்போல இன்னொரு வாடையும் மூக்கில் ஏறின. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகளுக்கு நடுவே, தூரத்தில், எண்ணெய் காணாத இரும்பு ஒன்று மெல்ல முனகியது.

வெளியிலிருந்து வாட்ச்மேன் பொன்ராஜ் குரல் கொடுத்தான். "ஏனுங்க, கரண்டை ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னீங்க. உள்ளார என்னமோ சுத்துதுங்களே?"

"நீ கேட்டுல போய் நில்லு."

"யாருங்க அது உங்ககூட?"

சகாயம் மறுபடி திரைப் பக்கம் திரும்பினான். பொன்ராஜின் செருப்புச் சத்தம் வேகமாக விலகிப் போனது.

மிச்சம் ஒரே ஒரு காரணம்தான். கரண்டே இல்லாமல் டிரைவ் உயிரோடு இருக்க வேண்டுமானால் மோட்டாரை மறுமுனையிலிருந்து யாராவது சுற்ற வேண்டும். காற்றாடி என்றால் காற்று சுற்றும். இது கியர் பூட்டிய ரோலர். நாலு ஆள் சேர்ந்தாலும் லேசில் அசையாது. அவன் திரையில் வேகத்தைக் காட்டும் பக்கத்துக்குப் போனான்.

மைனஸ் மூன்று.

மைனஸ் என்றால் பின்னோக்கி. சிக்கிய எதையாவது வெளியே எடுக்க வேண்டுமென்றால்தான் ரோலரைப் பின்னோக்கிச் சுற்றுவார்கள்.

ஓடிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் திரை அணைந்தாக வேண்டும், ஒன்று போயாக வேண்டும். எதிரே ஜெயில் நின்றது. வலது கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோலர் பக்கம் நடந்தான்.

பனி. முனகல். மறுபடி முனகல்.

ஒரு பெண் நின்றிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. இடுப்பில் சாக்கு. இடது கையால் மோட்டாரின் இணைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. வலது கை தோள்வரை ரோலருக்குள் இருந்தது.

சுற்றச் சுற்ற அது வெளியே வந்தது. முழங்கை. மணிக்கட்டு. பச்சைச் சாறு வழிந்தது. கடைசியாக விரல்கள்.

விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

இன்னொரு கை. ஆண் கை. நீலச் சட்டை.

தரையில் டார்ச் விழுந்து உருண்டது. சகாயம் குனிந்து பார்க்கவில்லை. சட்டையின் வலப்பக்கம் சூடாக நனைந்துகொண்டிருந்தது. வலி இல்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

"நிறுத்தும்மா," என்றான்.

அவள் நிறுத்தவில்லை. ரோலரின் பற்களுக்கு நடுவிலிருந்து நீலச் சட்டையின் தோள் வந்தது. பிறகு காலர். காலருக்கு மேலே, இலை ஒட்டிய ஒரு காது.

அவனுக்கு வலது பக்கம் முனகல் சத்தம் நின்றுபோனது. இடது பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.