கூட வந்தவங்க

அறைச் சாவியோடு சேர்த்து ரிசப்ஷன்காரர் இரண்டு துண்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"நான் ஒரு ஆள்தாங்க," என்றாள் ஹலோக்கா.

அவர் அவளுடைய தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார். பிறகு, அடுத்தவர் வீட்டுச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் போல ஒரு சங்கடச் சிரிப்பு. "இருக்கட்டும்மா," என்றார். இரண்டாவது துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து காலமெல்லாம் "ஹலோ" சொன்னதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம். எந்த வாசலைக் கண்டாலும் குனிந்தே பழகியவர், கடைசியில் வாசலே இல்லாத இடத்திலும் குனிந்துதான் நின்றார். வெளியூர் என்றாலே ஆகாது. "ஊர் சுத்துனா என்ன கிடைக்கும், கால் வலிதான்," என்பார். அவர் போன பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை மகள்தான் டிக்கெட் போட்டு வண்டி ஏற்றிவிட்டாள். முன்பின் தெரியாத ஊர், கூட யாரும் இல்லை. இந்த வயதில் இதுதான் முதல் தடவை.

பையை அறையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். துணிக்கடைத் தெருவில் ஷட்டர்கள் கடகடவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தன. தையல் மெஷின்களின் சத்தம் மாடி ஜன்னல்களிலிருந்து தூறலைப் போல விழுந்தது. ஈரச் சாக்கு, டீசல், புதுத்துணியின் கஞ்சி வாசனை எல்லாவற்றுக்கும் அடியில், பூச்சாடியில் நாள்கணக்காக மாற்றாமல் விட்ட தண்ணீரின் நெடி ஒன்று இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரை ஊர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய காது போர்டில் பழகிய காது. லைனில் யாராவது பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். தன் செருப்புச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் ஒட்டி வருவது அந்தக் காதுக்குக் கேட்டது. வெறுங்கால் ஈரத்தரையில் பதிந்து எழும் சத்தம். அவள் நின்றால் நின்றது.

டீக்கடையில் இரண்டு கிளாஸ் வந்தது.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"அப்ப அவங்களுக்கு?" என்றார் டீ மாஸ்டர்.

திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலி. ஆனால் யாரோ உட்காரும் அளவுக்கு மேஜையிலிருந்து பின்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆற்றைக் கடக்கப் படகில் ஏறினாள். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா, சாயாம போகும்," என்றார் படகுக்காரர். பலகையில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தைச் சுற்றித்தான் நின்றார்கள்.

அக்கரை வந்து எல்லோரும் இறங்கிய பிறகு, படகுக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள். "என்கூட இருக்கறவங்க எப்படி இருக்காங்க?"

இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "அசதியா இருக்காங்க போல. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உங்க கையைப் பிடிச்சிக்கிட்டே வந்தாங்க. ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க. நீங்கதான் காது குடுக்கல."

ஹலோக்கா தன் வலது கையைப் பார்த்தாள். ஆற்றுக் காற்றில் குளிர்கிறது என்று நினைத்திருந்தாள். இடது கை குளிரவில்லை.

தலை குனிந்தவர். அசதியானவர்.

படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பயம் எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "வெளியூர்னா ஆகாதுன்னீங்க," என்றாள். "இப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க?"

கையில் பிடி இறுகியது.

அதற்குப் பிறகு அந்த ஊர் அவளுக்கு அழகாகிவிட்டது. பழைய கோட்டை, அதன் பாசி பிடித்த சுவர்கள், நீண்ட நடைகள் கொண்ட அருங்காட்சியகம், கண்ணாடிப் பெட்டிகளில் உறங்கிய வாள்கள். எல்லாவற்றையும் காட்டிக்காட்டிப் பேசிக்கொண்டே நடந்தாள். ஒரு வருஷமாக வாய்க்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"நம்ம பொண்ணு, உங்க வாலு, முழுகாம இருக்கா, தெரியுமா? உங்களுக்குச் சொல்ல முடியலையேன்னுதான் அவளுக்கு ஆத்தாமை. மாப்பிள்ளைக்கு இந்த வாரம் வெளியூர் வேலை. தனியாத்தான் இருக்கா. வீடு மாத்திட்டாங்க, உங்களுக்குத் தெரியாதே. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தெரு. பச்சை கேட்டு. ஒருதடவை போய்ப் பாருங்க. உங்களை நெனச்சு ஏங்கிட்டிருக்கா."

அந்தப் பூச்சாடி நெடி கூடவே வந்தது. அவர் சவரச் சோப்பு வாசனையோடு இருப்பவர். அதைப் பற்றி நினைக்க அவள் விரும்பவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு பூங்கா. வருகிறவர்களை உட்காரவைத்துப் படம் வரைந்து கொடுக்கும் ஓவியர் ஒருவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"ரெண்டு பேரையும் சேத்து வரைங்க."

பென்சில் தாளில் உரசும் சத்தம் வெகுநேரம் கேட்டது. காக்கைகள் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஓவியர் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்து, அழித்து, மறுபடி வரைந்தார்.

"அவங்களைக் கொஞ்சம் நிமிரச் சொல்லுங்கம்மா. முகம் சரியா விழல."

ஹலோக்கா சிரித்தாள். "அவர் எப்பவும் அப்படித்தான். உயரம் இல்லையா."

பென்சில் நின்றது.

"அவரா?" என்றார் ஓவியர்.

அவள் தலையாட்டினாள்.

"நான் உங்க அக்கான்னுல்ல நெனச்சேன்."

எழுந்து போய்த் தாளைப் பார்த்தாள். பெஞ்சில் அவள். நன்றாகவே வரைந்திருந்தார், சிரிப்புகூட அப்படியே. அவளை ஒட்டி ஒரு பெண். அவள் எங்கேயும் பார்த்திராத பெண். ஈர முடி. கழுத்து அசதியில் குனிந்தது அல்ல. நடுவில் மடிந்து தொங்கியது. உதடுகள் ஹலோக்காவின் காதை ஒட்டி இருந்தன. கண்கள் மட்டும் அவள் பக்கம் இல்லை. படத்தைப் பார்க்கிறவரை நேராகப் பார்த்தன.

கையை உதறினாள். பிடி விடவில்லை. மறுபடி உதறினாள்.

ஓடினாள்.

கேட். சாலை. ஹாரன். பக்கத்திலேயே அந்த வெறுங்கால். அவளைவிட வேகமாக. ஒரு டாக்ஸி நின்றது. ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஸ்டேஷனுக்குப் போங்க. சீக்கிரம்."

கண்களை மூடிக்கொண்டாள். மூச்சு அடங்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோதுதான் கவனித்தாள். வலது கை சூடாக இருந்தது.

நெடி இல்லை. டாக்ஸியின் ரெக்சின் வாசனை மட்டும்.

"தம்பி, பின்சீட்ல யார் யார் இருக்கோம்?"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "நீங்க மட்டும்தாம்மா. ஏன்?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

முழுசாகத் திரும்பியே பார்த்தார். "யாருமில்லம்மா. உடம்புக்கு முடியலையா? தண்ணி தரட்டுமா?"

வாங்கிக் குடித்தாள். பாதி புடவையில் கொட்டியது. அழுதாள், அழுகையோடு சிரிப்பும் வந்தது. போய்விட்டது. எங்கேயோ போய்விட்டது.

போன் அடித்தது. மகள். வீடியோ கால்.

"அம்மா, என்னம்மா நீ, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" திரையில் மகளின் முகம் மலர்ந்திருந்தது. "உன்கூட ஊர் சுத்துனவங்களாமே, வந்திருக்காங்க."

"யாரு?"

"பேரு கேக்கல. கேட்டுக்கு வெளிய நின்னு 'வாலு'ன்னு கூப்பிட்டாங்கம்மா, அப்பா கூப்பிடற மாதிரியே. எனக்கு அழுகையே வந்துருச்சு. நீதான் வழி சொன்னியாமே."

"கண்ணு, கதவைத் திறக்காத."

"உள்ள வந்து உக்காந்தாச்சும்மா. பாவம், முழுசா நனஞ்சு போயிருக்காங்க. மழையே இல்ல இங்க. இரு, காட்டறேன்." படம் ஆடியது. சோபா. அதன்மேல் ஈரத் திட்டு. "அட, இங்கதான் இருந்தாங்க. எங்க போனாங்க?"

"வெளிய போ. வீட்டை விட்டு வெளிய போ."

"ஏம்மா கத்தற?" மகள் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வலது கையை ஒருமுறை உதறிக்கொண்டாள். "யாரையுமே காணோமேம்மா."

ஹலோக்காவுக்குத் தெரிந்தது. மகளுடைய தோளுக்கு மேலே, ஈர முடிக்கு நடுவே, மடிந்து தொங்கிய தலை. உதடுகள் மகளின் காதோடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. கண்கள் திரைக்கு வெளியே, நேராக, அவளைப் பார்த்தன. இன்னொரு கை மகளின் வயிற்றின்மேல் விரிந்திருந்தது. நைட்டித் துணி, விரல் விரலாக, மெல்ல உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது.