வெள்ளைப் படிவு

"யாரைக் கேட்டு இதை வெந்நீர்ல போட்டீங்க?"

அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது... அன்று வந்ததோ ஆத்திரம்!

அந்தப் பழைய ரத்த வங்கிக் கட்டடம் இன்று இல்லை. ஆனால் அதன் குளிரறை வாசம்கூட அவளுக்கு மறக்கவில்லை. உறைந்த பிளாஸ்மா பைகளைக் குளிரிலேயே மெல்ல இளகவிட வேண்டும். பனி கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே எடுத்து இயந்திரத்தில் சுழற்றினால், அடியில் வெள்ளையாகப் படியும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்! சூடு பட்டால் கரைந்துவிடும். இது தெரியாமல், சேர்ந்த அன்றே நல்ல பெயர் வாங்கப் பார்த்தான் அந்தப் புது டெக்னீஷியன்.

"பாருங்க, எவ்ளோ தெளிவா இருக்கு!"

"அதாங்க பிரச்சினையே! மொத்தமும் போச்சு!"

அவன் முகம் சுண்டிப்போனது. மழையில் நனைந்து வந்த இமைகள்... பெரிய கண்கள்... மீதித் திட்டை அவள் விழுங்கிவிட்டாள். சே, வேலை நேரத்தில் இது வேறா!

அதன்பின் அவன் விடவில்லை. பைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தான். இன்னும் நிதானமாக இளகவிட்டார்கள். படிவு கூடியது. கூடவே அவர்கள் பேச்சும்...

"வீட்ல வந்து பேசட்டுமா?" என்றான் ஒருநாள்.

"வேணாம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் பக்கமே திரும்பவில்லை, அழுத்தக்காரி!

ஒரு மதியம், ரத்தம் உறையாத நோயால் முழங்கால் வீங்கிய அவள் தம்பியை அம்மா அழைத்து வந்தாள். அவளும் டெக்னீஷியனும் பிரித்தெடுத்த படிவுதான் தம்பிக்கு ஏறியது. வராந்தாவில் நின்றவளிடம் டெக்னீஷியன் வந்தான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா எழுந்து போயிடுவாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க அப்படித்தான் போனாங்க. இது அம்மா வழியா வர்ற நோய். எனக்குள்ளயும் இருக்கலாம்... நீங்களும் போறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

"தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"வலி குறைஞ்சிருக்கு. பேச்சை மாத்தாதீங்க! நாளைக்கு நம்ம பையனுக்கும் இப்படி வந்தா...?"

"நம்ம பையனா?"

ஐயோ! அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காதெல்லாம் சூடானது.

அவன் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

"வந்தா வரட்டும். அவன் மாமாவைப் பார்த்துக்கற மாதிரி அவனையும் பார்த்துப்போம். எனக்கு நீ வேணும்."

யார் முன்னாலும் அழாதவள், அந்த வராந்தாவில் விம்மி விம்மி அழுதாள்.

"எனக்கும்..." என்றாள். "முதல் நாள்லேர்ந்தே."