சாவி தெரிந்தால் குற்றம்!

"ஐயோ... காணோமே!"

முன்னறையிலிருந்து வந்த அலறலில், டோரீன் கையிலிருந்த முட்டை நழுவி அடுப்படியில் உடைந்தது.

ஓடினாள்.

அவள் புருஷன் ரோலண்ட், பைஜாமாவும் ஒற்றைச் செருப்புமாக நடு அறையில் நின்றார். சோபா மெத்தைகள் தரையில் கிடந்தன. கடிகாரம் குப்புறக் கிடந்தது. பூனை கட்டிலுக்கடியில் அகதியாகியிருந்தது.

"என்ன காணோம், ரோலண்ட்?"

"அது!"

"எது?"

"சொல்ல முடியாது!"

"சரி... எங்க வெச்சே?"

"அதைச் சொல்லவே முடியாது!"

"சொல்ல முடியாத ஒண்ணை, சொல்ல முடியாத இடத்துல வெச்சுத் தொலைச்சிட்டே. நான் எப்படித் தேடறது? மோப்பம் பிடிச்சா?"

"நீ தேடவே கூடாது டோரீன்! அது சட்டம்!"

டோரீனின் கை, ஏப்ரன் பையை மெல்லப் பொத்தியது.

அவர் தேடிய சாவி அதற்குள்தான் இருந்தது!

மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலமாரி. அதன் சாவி அது. உள்ளே இரண்டு துப்பாக்கிகள். ஒன்று முதல் உலகப் போர் பார்த்தது. இன்னொன்று 1943-ல் செய்த லீ என்ஃபீல்ட். ரோலண்டின் உயிர். ஞாயிறு தவறாமல் கிளப் மைதானத்தில் குப்புறப் படுத்து, அட்டையைச் சுட்டுவிட்டு, ராஜ்யத்தைக் காப்பாற்றிய முகத்தோடு வீடு திரும்புவார்.

துப்பாக்கிச் சட்டப்படி, சாவி இருக்கும் இடம் லைசென்ஸ்காரருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

பெண்டாட்டிக்குத் தெரிந்தால்... லைசென்ஸ் போச்சு! துப்பாக்கிகளும் போச்சு!

புருஷனின் பல் செட் எங்கே என்று டோரீனுக்குத் தெரியலாம். முதல் காதலி எங்கே என்றுகூடத் தெரியலாம். சாவி மட்டும் கூடாது.

அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதுமே தெரிந்திருந்தது.

அவர் இடம் மாற்றி மாற்றி ஒளிப்பார். கடிகாரத்துக்குள்... கடுகுப் பொடி டப்பாவுக்குள்... இப்போது, சுவரில் மாட்டிய பாடம் செய்த மீனின் வாய்க்குள். ஒவ்வொரு முறையும், டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். தொடமாட்டாள். சொல்லமாட்டாள். அவர் குறி பார்ப்பது ஞாயிறு மட்டும். அவளுக்கு அது தினசரி விளையாட்டு.

நேற்றுதான் முதல் முறையாகத் தொட்டாள்.

வருகிற ஞாயிறு அவருக்கு எழுபது வயது. லீ என்ஃபீல்டில் அவர் மாட்டியிருந்த தோள்வார் 1951-ல் செய்தது. "குதிரைக்குக் கழுதைச் சேணம்" என்று தினம் புலம்புவார். பழைய சாமான் சந்தையில் அவள் 1943 வார் ஒன்றைப் பிடித்துவிட்டாள். நீல ரிப்பன் கட்டி, 'உன் டோரீன்' என்று அட்டை சொருகி, அலமாரிக்குள் வைத்தாள். ஞாயிறு திறக்கும்போது கிழவர் அசந்து போகட்டும்!

சாவியைத் திருப்பி வைப்பதற்குள் அவர் பப்பிலிருந்து வந்துவிட்டார். மீனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தார். சாவி பையிலேயே தங்கிவிட்டது.

"ஏன் இப்படிப் பதறறே? மெதுவாத் தேடேன்," என்றாள்.

"மெதுவாவா? இப்ப போன் வந்துச்சே, கேட்கலியா? போலீஸ் லைசென்ஸ் ஆபீசரம்மா! அடுத்த வாரம் வர வேண்டியவங்க... இப்பவே வர்றாங்க!"



சாவி கிடைக்காவிட்டால், துப்பாக்கிகள் போகும்.

கிடைத்தால்... அலமாரி திறக்கும். நீல ரிப்பன் இருக்கும். 'உன் டோரீன்' இருப்பாள்! அப்போதும் துப்பாக்கிகள் போகும்!

இரண்டு பக்கமும் இடி. இந்த மனுஷன் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வார்?

வாசல் மணி அடித்தது.

"நான் பேன்ட் போட்டுட்டு வந்துடறேன்! நீ பேச்சுக் குடு!"

ரோலண்ட் அவளை உரசிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தார். பாச்சை உருண்டை நெடி ஒன்று அவளைக் கடந்து போனது.

வந்தவள் பெயர் மிஸ் ஃபர்னிவல். நனைந்த மழைக்கோட்டு. சிரித்த முகம். சிரிக்காத கண்கள்.

"வாங்க மேடம். அவரு டிரெஸ் மாத்திட்டு வந்துடுவாரு. டீ சாப்பிடறீங்களா?"

"அப்புறம் சாப்பிடறேன். அவரு டிரெஸ் மாத்திட்டு வர்றதுக்குள்ள வேலையை முடிச்சுடலாமே. அலமாரிச் சாவியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

சாதாரணமாகக் கேட்டாள். உப்பு கேட்பதுபோல.

டோரீனின் கை, தன்னிச்சையாக ஏப்ரன் பைக்குள் போனது. விரலில் இரும்பு இடித்தது...

இது பொறி! தனக்குச் சாவி தெரியுமா என்று சோதிக்கிறாள்!

கை வெளியே வந்தபோது, அதில் கைக்குட்டை இருந்தது. சத்தமாக மூக்கைச் சிந்தினாள்.

"எந்தச் சாவி மேடம்? இந்த வீட்ல பிஸ்கட் டப்பா எங்கேன்னே எனக்குச் சொல்ல மாட்டாரு. நான் தின்னுடுவேனாம்."

மிஸ் ஃபர்னிவல் புன்னகைத்தாள். அவள் பார்வை சுவருக்குப் போனது. மீனுக்குப் பக்கத்தில், விக்டோரியா ராணி காலத்துத் துப்பாக்கி ஒன்று தொங்கியது.

"இது?"

"அது வெறும் அலங்காரம். அதுக்கான தோட்டா வழக்கத்துலயே இல்ல. லைசென்ஸ் வேணாம். ஆனா சுடணும்னு நெனச்சா மட்டும் வேணும்."

"நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அவரு நெனச்சதுண்டா?"

"அவருக்கு நெனப்பு ஏது?"

"நீங்க?"

"நான் நெனச்சதையெல்லாம் செஞ்சிருந்தா, அந்த மனுஷன் எழுபதை எட்டியிருக்க மாட்டாரு மேடம்!"

மிஸ் ஃபர்னிவல் வாய்விட்டுச் சிரித்தாள். துப்பாக்கியில் பொறித்திருந்த கிரீடத்தைப் படிக்கக் குனிந்தாள்.

அந்த ஒரு கணம் போதும்.

டோரீன் இறகுத் துடைப்பத்தை எடுத்தாள். மீனின் முகத்தைத் தடவினாள். சாவியை அதன் வாய்க்குள் தள்ளினாள்.

டிங்!

மிஸ் ஃபர்னிவல் சட்டென்று திரும்பினாள்.

"என்ன சத்தம்?"

"மீனோட பல்லு. தூசி தட்டினேன்."

"விருந்தாளி வந்த பிறகா?"

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணவே இல்லையே!"

"பண்ணினேனே."

"எனக்குப் பண்ணலை."

மாடிப்படியில் காலடி. ரோலண்ட் டை கட்டிக்கொண்டு இறங்கினார். நெற்றியில் வியர்வை.

"வணக்கம் மேடம்! நீங்க ரெண்டு பேரும் தயவு செஞ்சு சமையலறைக்குப் போறீங்களா? நான்... வந்து... அதை எடுக்கணும்."

சமையலறையில் இரண்டு பெண்களும் உடைந்த முட்டையைப் பார்த்தபடி நின்றார்கள்.

மழை ஜன்னலில் வழிந்தது.

ஒரு முறை தேடின இடத்தில் மறுபடி யார் கை விடுவார்கள்? மீனின் வாயை அவர் காலையிலேயே துழாவியிருப்பாரே... போய்ச் சொல்லவும் முடியாது. கண்ணைக் காட்டவும் முடியாது. இத்தனை வருஷத்தில், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

க்ளிக்!

"வரலாம்!"

டோரீனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது.

ரிப்பன்!

'ஒப்புக்கொண்டுவிடு. அவருக்குத் தெரியாது, நான்தான் திருடினேன் என்று சொல்லிவிடு...'

"மேடம், ஒரு நிமிஷம்! நான் ஒண்ணு சொல்..."

அலமாரிக் கதவு விரியத் திறந்தது.

பொட்டலம் இல்லை! ரிப்பன் இல்லை! அட்டை இல்லை!

இரண்டு துப்பாக்கிகள் மட்டும் நின்றன. அவற்றில் லீ என்ஃபீல்டின் உடம்பில்... 1943 தோள்வார், கச்சிதமாகப் பூட்டப்பட்டு!

"என்ன சொல்ல வந்தீங்க?" என்றாள் மிஸ் ஃபர்னிவல்.

"டீக்கு... சர்க்கரை எத்தனைன்னு..."

"ரெண்டு." அவள் துப்பாக்கி எண்களைச் சரிபார்த்தாள். வாரைப் புரட்டி முத்திரையைப் பார்த்தாள். "அட! வாரும் அதே வருஷம். நல்ல ஜோடி. எங்க புடிச்சீங்க?"

"ஒரு பழைய சிநேகிதி குடுத்தா," என்றார் ரோலண்ட். டோரீனைப் பார்க்காமல்.

மிஸ் ஃபர்னிவல் டீ குடித்தாள். லைசென்ஸ் புதுப்பிக்கப்படும் என்றாள். கார் கிளம்பிப் போனது.



டோரீன் வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"சாவி ஒண்ணுதானே, ரோலண்ட்?"

"அலமாரி வாங்கினப்பவே ரெண்டு குடுத்தாங்க, கண்ணு."

"அப்போ காலையில..."

"போன் வந்ததும், துப்பாக்கியைத் துடைச்சு வைப்போம்னு ரெண்டாவது சாவியால திறந்தேன். நீல ரிப்பன்! மீன் வாயில கைய விட்டேன். காலி. அப்புறம் உன் ஏப்ரன் பையைப் பார்த்தேன். சாவி கனத்துல தொங்கிட்டிருந்துது."

"அந்த அலறல்?"

"நாடகம்! ஆபீசர் வர்றப்ப அது உன் பையில இருக்கக் கூடாதே. வேற எப்படி உன்கிட்ட திருப்பிக் கேட்பேன்? கேட்டா, உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சதா ஆயிடுமே!"

"அடப்பாவி கிழவா! அப்போ இத்தனை வருஷமா... கடிகாரம், கடுகு டப்பா, மீனு..."

"எல்லாம் உனக்காக வெச்சதுதான். பேப்பர்ல குறுக்கெழுத்து போடறேல்ல, அந்த மாதிரி. நீ எவ்வளவு சந்தோஷமாத் தூசி தட்டுவே!"

டோரீனின் முகம் சிவந்தது.

"ரெண்டாவது சாவி எங்க இருக்கு?"

"சொல்ல முடியாது. சட்டம்!"

வெற்றிச் சிரிப்போடு டீக் கோப்பையை எடுத்துக்கொண்டார். குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

மறுபடியும் அந்த நெடி!

பாச்சை உருண்டை... காலையில் பைஜாமாவோடு ஓடியபோதும் அடித்ததே! இந்த வீட்டில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கும் துணி ஒன்றே ஒன்றுதான்...

டோரீன் மெல்லச் சிரித்தாள்.

"ரோலண்ட்... நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் சமீபத்துல சாகலையே?"

"இல்லையே... ஏன்?"

"சும்மாதான். எழவுக்கு மட்டும் போடுவியே ஒரு கறுப்புக் கோட்டு... நாளைக்கு லாண்டரிக்குக் குடுத்துடலாமான்னு பார்க்கறேன். பையில ஏதாச்சும் இருந்தா எடுத்துடு."

டீக் கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

இந்த முறை ரோலண்ட் அலறியது... நாடகம் இல்லை!