தப்பான தோட்டத்தில் பதினான்கு பேர்

முதல் பார்வையில் லமீஸுக்கு அவன்மேல் காதல் வரவில்லை. திருடன் என்றுதான் நினைத்தாள்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அவளுடைய மரத்தில், அவளுடைய ஏணியில் நின்றுகொண்டு, அவளுடைய ஆப்பிளை ஒருவன் கடித்துக்கொண்டிருந்தான். அது மட்டுமா... பக்கத்து மரத்தடியில் தொப்பி வைத்த ஒரு பெண்மணி பாடிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மரத்தடியில் இரண்டு பேர் மாறி மாறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். பதினான்கு பேர். லெபனான் மலையில் திருடர்கள் தனியாகப் பஸ் பிடித்து, மதியச் சாப்பாட்டுக் கூடையோடு வருவது அவள் கேள்விப்படாத விஷயம்.

"இறங்குங்க," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். வாய் நிறைய ஆப்பிள்.

வஜ்தி பெய்ரூட்டில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களைப் பார்க்கிறான். இத்தனை வருஷத்தில் எந்தக் கண்ணைப் பார்த்தும் அவனுக்கு நம்பரைத் தவிர வேறெதுவும் தோன்றியதில்லை. இப்போது கீழேயிருந்து இரண்டு கண்கள் அவனை முறைத்தன... மழைக்கு முந்தின வெயில், தேன் பாட்டில் வழியாக வந்தால் எப்படி இருக்கும், அந்த நிறம். நம்பர் மறந்துபோனது. ஆப்பிளை மெல்லவும் மறந்துபோனது.

"டிக்கெட் வாங்கியாச்சே," என்றான், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தொப்பிப் பெண்மணி அவனுடைய நுஹா அத்தை. இலையுதிர் காலம் வந்துவிட்டால் தன் அடுக்குமாடிக் குடியிருப்பையே கிளப்பிக்கொண்டு மலையேறிவிடுவார். செப்டம்பரில் திராட்சைப் பாகு காய்ச்சுகிற இடம், அக்டோபரில் ஆப்பிள், நவம்பரில் ஆலிவ் செக்கு. ஊர்சுற்ற வருகிறவர்கள் பறித்து விளையாடுவதற்கென்றே எதிர்மலையில் ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே போக, நீலத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். அத்தை இடது என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர் சொன்னால் டிரைவர் கேட்காமல் என்ன செய்வார்? இறங்கிய இடத்தில் ஆப்பிள் இருந்தது, ஏணி இருந்தது, மரத்துக்கு மரம் காலிப் பெட்டியும் இருந்தது. ஏற்பாடு பிரமாதம் என்று பாராட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டிகள் கூலியாட்களுக்காக வைத்தவை. ஆட்கள்தான் வரவில்லை. நாளைக்கு ஆலங்கட்டி மழை என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து மலை முழுக்க ஆளுக்கு அடிதடி. விடிவதற்கு முன்பே ஊர்ச்சதுக்கத்துக்குப் போன லமீஸ், காலி பிக்அப் வண்டியோடு திரும்பியிருந்தாள். அப்பா அபூ ஃபாரிஸுக்கு ஆகஸ்டில் இதய ஆபரேஷன். நாற்காலியைவிடக் கனமானதைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நாற்காலியைத் தூக்காமல் அதில் உட்கார்ந்து, பால்கனியிலிருந்து பைனாகுலரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஃபாரிஸ் கனடாவில். மீதி இருப்பது நாற்பத்தொரு மரம். ஆலங்கட்டி விழுந்த ஆப்பிளை யாரும் வாங்க மாட்டார்கள். இந்த வருஷம் முழுக்க அந்த நாற்பத்தொரு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் அத்தை தொப்பியை இறுக்கிக்கொண்டு, நாங்களே பறித்துத் தருகிறோம் என்றார். யாருடைய தயவும் எங்களுக்கு வேண்டாம் என்றாள் லமீஸ். தயவா, சாயங்காலம்வரை ஆப்பிள் பறிக்கத்தான் எங்கேயோ ஒருத்தனுக்குக் காசு கட்டியிருக்கிறோம், பறிக்காமல் போனால் எங்களுக்குத்தான் நஷ்டம் என்று அத்தை சண்டைக்கே வந்துவிட்டார். லமீஸ் வானத்தைப் பார்த்தாள். மேற்கே சாம்பல் நிறத்தில் ஒன்று மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. அப்புறம் வஜ்தியின் பெட்டியைப் பார்த்தாள்... பார்த்ததும் வானமே பரவாயில்லை என்று தோன்றியது.

"காம்பு எங்க?"

"எந்தக் காம்பு?"

"ஆப்பிளுக்குக் காம்பு இருக்கும். அது இல்லாமப் பறிச்சா குளிர்கிடங்குல புத்தாண்டுக்குள்ள அழுகிடும். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடை."

"மத்தவங்களுக்குத்தானா?"

பதினான்கு பேரையும் வரிசையில் நிறுத்தி வகுப்பு எடுத்தாள். இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் திருப்பினால் காம்போடு அதுவே கைக்கு வந்துவிடும். நகம் படக் கூடாது. பெட்டியில் போடக் கூடாது, வைக்க வேண்டும். அத்தை கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். ஆளுக்கு மூன்று மரம் என்று பிரித்தாள். வஜ்திக்கு மட்டும் தன் மரத்துக்கு அடுத்த மரம். பழத்தைப் பாழாக்குகிறவனைக் கண்பார்வையில் வைத்துக்கொள்வதுதானே முறை... என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு அவன் பழங்களில் பாதிக்குக் காம்பு இருந்தது. பதினோரு மணிக்கு முக்கால்வாசிக்கு. ஏணி இன்னும் ஆடுகிறதே, பயமா என்று லமீஸ் கேட்டாள்.

"ஏணி பரவாயில்ல," என்றான் வஜ்தி. "அதுகூடப் பழகிடும்போல இருக்கு..."

அவள் ஒரு கிளைக்குப் பின்னால் போய்விட்டாள். கிளையில் பழமே இல்லை.

மதியம் ஸஅத்தர் மூலிகைப் பொடி தூவிய ரொட்டியும், கெட்டித் தயிரும், வெள்ளரிக்காயும் வந்தன. மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வழி தவறியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று அத்தை சத்தியம் செய்தார். போன மாதம் திராட்சைப் பாகு தேடிக் கிளம்பிய பஸ் கடற்கரையில் போய் நின்றதை வஜ்தி அமைதியாக எடுத்துச் சொன்னான். லமீஸ் சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது... ஆகஸ்டுக்கு அப்புறம் அவள் அதைக் கேட்டிருக்கவில்லை. பால்கனியில் அபூ ஃபாரிஸ் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

நாலு மணிக்குக் கடைசி மரம் காலியானது. கடைசிப் பெட்டியும் கிடங்குக்குள் போய்க் கதவு சாத்தியபோது, முதல் தூறல் இலைகளின் மேல் பொடிநடையாக வந்து சேர்ந்தது. லமீஸ் கதவில் சாய்ந்து ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் ஒவ்வொருவராகப் போய், "உங்க கை நல்லா இருக்கணும்," என்று சொன்னாள். அங்கே நன்றியை அப்படித்தான் சொல்வார்கள். "உன் கையும்," என்று பதில் சொல்ல வேண்டும். அத்தைக்குச் சொல்லும்போது குரல் உடைந்தது. அத்தை அவளைக் கட்டிக்கொண்டார். பதின்மூன்று பேருக்குச் சொல்லி முடித்தாள். வஜ்தி பதினான்காவதாகத் தயாராக நின்றான். அவள் அவனைத் தாண்டிக் காப்பி எடுக்க வீட்டுக்குள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் பால்கனிக்கு ஏறியதும், ஏலக்காய் மணக்க ஆளுக்கொரு சின்னக் கோப்பை வந்தது. வஜ்தி வாங்கிக்கொண்டான். அவள் கண்ணை நிமிர்த்தவே இல்லை. காம்பு போன ஆப்பிள்களுக்காகக் கோபமா... இல்லை, பதினான்கை எண்ணத் தெரியாதா? யோசித்துக்கொண்டே கைக்குட்டை எடுப்பதற்காக, ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையை அபூ ஃபாரிஸின் முன்னால் மேசையில் வைத்தான்.

அத்தையின் கோப்பை பாதி வழியில் நின்றது.

வந்தவன் காப்பியைத் தொடாமல் வீட்டுக்காரர் முன்னால் வைத்தால், கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டான். பெரும்பாலும் பெண் கேட்டு வருகிறவர்கள்தான் அப்படி வைப்பார்கள். மலையில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். வஜ்திக்கும் தெரியும். வைத்த பிறகு தெரிந்தது.

அபூ ஃபாரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடி தம்பி. நீ என்ன கேட்டாலும் இந்த வீட்டுல உனக்கு உண்டு. என் பழம் மொத்தமும் உள்ள வந்துடுச்சு."

லமீஸின் முகம் சிவந்தது. அப்புறம் கல்லானது.

"அப்பா, பறிச்ச கூலிக்குத் தூக்கிக் கொடுக்க நான் பெட்டியில இருக்கிற பழம் இல்ல."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. இப்போது சிரித்து மழுப்பிவிட்டுக் கோப்பையை எடுத்துக் குடித்தால் மானம் பிழைக்கும் என்று வஜ்திக்குத் தெரிந்தது. குடித்துவிட்டுப் பஸ் ஏறினால், அந்தக் கண்களை இனிப் பார்க்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

"கோப்பைய நான் தெரியாமத்தான் வச்சேன்," என்றான். "கைக்குட்டை எடுக்க." அத்தை கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா கேட்க ஒண்ணு இருக்கு. உங்ககிட்ட இல்ல அபூ ஃபாரிஸ்... அவங்ககிட்ட."

லமீஸ் கையிலிருந்த கெண்டியை மேசையில் வைத்தாள்.

"பறிச்சதுக்குப் பதிலா எதுவும் வேணாம். நன்றி சொல்லவேண்டியது நான்தான். காலையில வலது பக்கம் திரும்பியிருந்தா, ஒரு பை ஆப்பிளோட வீட்டுக்குப் போயிருப்பேன். எதை விட்டுட்டு வந்தேன்னே தெரிஞ்சிருக்காது..." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாமா?"

"அடுத்த ஞாயிறு இங்க பறிக்க ஒண்ணுமே இருக்காது."

"தெரியும். அதனாலதான் அன்னைக்கு வரலாமான்னு கேட்கறேன்."

தூறல் வலுத்தது. காப்பி குடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் இறங்கி வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். லமீஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எல்லாருக்கும் நன்றி சொன்னேன். உங்களுக்கு மட்டும் சொல்லல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"சொன்னா, 'உங்க கையும்'னு சொல்லிட்டு நீங்க பஸ் ஏறிடுவீங்க. அதோட முடிஞ்சிடும். அதான்..." குரல் அடங்கியது. "வாய் வரல."

அபூ ஃபாரிஸ் கோப்பையை எடுத்து நீட்டப் போனார். லமீஸ் முந்திக்கொண்டாள். ஆறிப்போன காப்பியைக் கீழே கொட்டினாள், கெண்டியிலிருந்து சூடாக ஊற்றினாள், தன் கையாலேயே அவன் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை கண்ணை நிமிர்த்தினாள்.

"குடிங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை வேலை இருக்கும்னு நெனச்சு வராதீங்க... சும்மா வாங்க."

வஜ்தி ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு வெந்துபோனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.