எல்லோரும் மெதுவாகப் பேசிய நகரம்

சத்தத்தின் அளவை ஊசியால் காட்டும் ஒலிமானியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் ஜெசிந்தா வேலையைத் தொடங்கினாள். மிக்ஸிங் பொறியாளர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஊசி எங்கே நிற்கிறது என்று கண் பார்த்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பார்கள். கண்ணால் மிக்ஸ் செய்கிறவனை அந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை.

பதினெட்டு வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்தவள் அவள். ஆனால் இன்று அவள் முன்னால் இருந்தது பாட்டல்ல, சென்னை மாநகரம்.

ஐந்து வயது நிரம்பிய எல்லோருடைய காதெலும்பிலும் அரிசி அளவில் ஒரு செவிச்சமனி உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஓடியது, பாட்டுக்குப் போடுகிற அதே கம்ப்ரஸர்தான். ஓங்கி வரும் சத்தத்தை அது அமுக்கும். அமுக்கியதில் குறைந்துபோனதை ஈடுகட்ட மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். லாரி ஹாரனும், பக்கத்து வீட்டு மிக்ஸியும், எதிரில் உட்கார்ந்து பேசும் புருஷனும் காதுக்கு ஒரே உயரத்தில் வந்து நிற்பார்கள். தீ, வெள்ளம் என்றால் மட்டும் உள்ளே ஒரு மணி தனியாக அடிக்கும். இரைச்சலில் ரத்தக்கொதிப்பு ஏறிச் செத்துக்கொண்டிருந்த ஊர் ஒன்பது வருடமாக நிம்மதியாகத் தூங்கியது.

அந்த ஒன்பது வருடப் பழைய கம்ப்ரஸரை மாற்ற ஒலிநல வாரியம் முடிவெடுத்து, இரும்பு, சல்லடை, வெண்ணெய் என்று மூன்று புதியவற்றை அனுப்பியிருந்தது. எது வேண்டும் என்று சொல்ல வேண்டிய மூன்று பொறியாளர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. குழந்தையின் அழுகை, கோயில் மேளம், பேருந்து பிரேக், சந்தைக் கூச்சல் எல்லாவற்றையும் மூன்றிலும் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். இரும்பில் லேசாக ஒரு கடுகடுப்பு இருந்தது. சல்லடையில் சத்தம் மூச்சு வாங்குவதுபோல் கொஞ்சம் ஏறி இறங்கியது. வெண்ணெய் சத்தத்தை மின்னல் வேகத்தில் பிடித்து, முன்னைவிட இறுக்கமாக அமுக்கியது. காதுக்கு அப்படி ஒரு சுகம். வெண்ணெய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மாலை நான்கு மணிக்கு அது நகரத்தின் எல்லாக் காதுகளிலும் இறங்கும்.

தன் காதில் இருந்த சமனியை அவள் நிறுத்தவில்லை. பொறியாளர்களுக்கென்று காதுமடலுக்குப் பின்னால் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அழுத்தினால் சமனி விலகிக்கொள்ளும். அதை அவள் தொட்டே எட்டு வருடமாகிறது. மக்கள் எதைக் கேட்கப்போகிறார்களோ அதைத்தானே நானும் கேட்க வேண்டும் என்று தனக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அவள் மகள் லியாவுக்குக் குரலே வரவில்லையாம். லியாவுக்கு ஐந்து வயது ஆக இன்னும் ஏழு வாரம் இருந்தது. காதில் எதுவும் பொருத்தாத பிள்ளை, சாது, எப்போது பார்த்தாலும் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருக்கும்.

டாக்டர் மெஹ்ருன்னிஸா தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்.

“குரல் நாண்ல கொப்புளம் வந்திருக்கும்மா. நாள் பூரா கத்துற பிள்ளைங்களுக்குத்தான் இது வரும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே கத்துச்சுன்னா, போன குரல் திரும்பி வராது.”

தன் மகள் கத்தியதே இல்லை என்றாள் ஜெசிந்தா. அதுதான் தனக்கும் புரியவில்லை என்றார் டாக்டர். இந்த மாதம் மட்டும் முப்பத்தொரு பிள்ளைகள் இதே கொப்புளத்தோடு வந்திருந்தார்கள். அத்தனை பேரும் மெதுவாகப் பேசுகிற தங்கமான பிள்ளைகள். பெரியவர்களுக்கும் தொண்டை கட்டியபடிதான் இருந்தது. தூசி என்று சொல்லி ஊரே அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தது. டாக்டர் கன்னத்துக்குள்ளும் ஒரு அதிமதுரத் துண்டு இருந்தது.

லியா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு வாயை வைத்துக் காற்றாகச் சொன்னாள்:

“நான் கத்துனாதாம்மா நீ திரும்பிப் பாக்குற.”

ஜெசிந்தா சட்டென்று எழுந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். மைக்கைத் திறந்து வைத்தாள். வழக்கத்தை மீறி, ஒலிமானியின் மேலிருந்த துண்டை உருவினாள். பிறகு, வீட்டில் பேசுகிற மாதிரி, “லியா, தண்ணி குடிக்கிறியா?” என்றாள்.

ஊசி சிவப்புக் கோட்டில் போய் அடித்து நின்றது. லியா காதைப் பொத்திக்கொண்டாள்.

உதவியாளர் தாமஸ் கதவருகே வந்து டீ வேண்டுமா என்று கேட்டான். ஊசி மறுபடியும் சிவப்பில் அடித்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் கருவி கெடவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. காதுமடலுக்குப் பின்னால் அழுத்தினாள்.

தாமஸ் அலறிக்கொண்டிருந்தான். புன்னகையோடு, டீயில் சர்க்கரை போடவா வேண்டாமா என்று தொண்டை கிழிய அலறிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்று சேலை விலையைப் பற்றி, கொலை நடக்கிற இடத்தில் கத்துவதுபோல் கத்திக்கொண்டிருந்தார்கள். செல்போனில் காதலியைக் கொஞ்சிக்கொண்டு போனவன் குரல் சுவரை அதிரவைத்தது. தெருக்கோடி வரை, அதற்கு அப்பாலும், மொத்த ஊரும் ஓலமிட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாச் சத்தமும் ஒரே உயரத்தில் நின்றால் யாருடைய பேச்சும் எடுபடாது. எடுபட வேண்டுமென்று ஒருவன் குரலை உயர்த்துவான். உயர்த்தியது அவனுக்கே தெரியாது, ஏனென்றால் அவன் குரலையும் அவன் காது அமுக்கிவிடும். பக்கத்தில் இருப்பவன் இன்னும் கொஞ்சம் உயர்த்துவான். ஒன்பது வருடமாக ஒருவரை ஒருவர் இப்படி மிஞ்சிக்கொண்டே போயிருக்கிறார்கள். லியா பிறந்த நாளிலிருந்து கேட்ட தாலாட்டெல்லாம் அலறல்தான். வெண்ணெயோ இன்னும் இறுக்கமாக அமுக்கும். நான்கு மணிக்குப் பிறகு, அம்மா என்று கூப்பிட அந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு கத்த வேண்டுமோ!

மூன்றேகாலுக்கு அவள் மகளோடு வாரியத்தில் இருந்தாள். இயக்குநர் பூவராகன் கழுத்து நரம்பு புடைக்க, “வாங்க மேடம், உக்காருங்க” என்று அலறி நாற்காலியைக் காட்டினார். லியா மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெசிந்தா முதலில் மெதுவாகச் சொன்னாள். சமனி விலகிய காதுக்குத் தன் குரல் எவ்வளவு சின்னது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஊசி சிவப்பில் நிற்கும் படத்தையும் டாக்டர் எழுதிய சீட்டையும் நீட்டினாள். ஊசியைப் பார்த்து மிக்ஸ் செய்யக்கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னதே நீங்கள்தானே என்று அவர் சிரித்தார். மற்ற இரண்டு பொறியாளர்களும் வெண்ணெய்க்கே வாக்களித்திருக்கிறார்களாம், அவர்களும் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் கேட்டார்களாம்.

அதன் பிறகு அவள் கத்தினாள். நிறுத்துங்கள், என் பிள்ளை குரல் போய்விட்டது, எல்லாப் பிள்ளைகள் குரலும் போகப்போகிறது என்று, தன் தொண்டையில் ரத்தம் கரிப்பதை உணர்கிற வரை கத்தினாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். இல்லை, செவிடனாக இருந்திருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பான். பூவராகனும் பார்த்தார். ஆனால் அந்த ஊரில் எல்லோர் முகமும் நாள் முழுக்க அப்படித்தான் இருந்தது, சிவந்து, நரம்பு புடைத்து. அதைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை.

“நீங்க இவ்வளவு நிதானமா எடுத்துச் சொல்றதுலயே தெரியுது மேடம், அவசரம் ஒண்ணும் இல்லன்னு” என்று அவர் அன்பாக அலறினார். “அடுத்த மாசக் கூட்டத்துல வெச்சுப் பேசிக்கலாம்.”

வாரியத்தின் வாசல் படிக்கு வந்தபோது நான்கு அடித்தது. தெரு ஒரு கணம் தயங்கியது. எல்லோரும் ஏதோ சுகமாக உணர்ந்ததுபோல் தலையைச் சாய்த்தார்கள். பிறகு பூக்காரி ஒருத்தி குரலை இன்னும் ஒரு படி ஏற்றினாள். அவளுக்குப் பதில் சொன்னவர் அதற்கு மேல் ஏற்றினார். அது அப்படியே பேருந்து நிறுத்தம் வரை பரவிப் போனது.

ஜெசிந்தாவுக்குக் காது வலித்தது. இத்தனை பயத்தை அவள் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. பொத்தானை மறுபடி அழுத்தினால் ஒரு நொடியில் எல்லாம் அடங்கிவிடும் என்று கை தானாக மேலே போனது. தடுத்துக்கொண்டாள். அழுத்தினால் நாளைக்கு மகள் எவ்வளவு கத்தினாலும், பூவராகனுக்குக் கேட்டதுபோல் தனக்கும் நிதானமாகத்தான் கேட்கும்.

லியா ஒரு கையால் அவள் முந்தானையை இழுத்தாள். ஜெசிந்தா குனிந்து காதைக் கொடுத்தாள். காதைப் பொத்திய மறு கையை எடுக்காமலே அந்தப் பிள்ளை காற்றாகக் கேட்டது:

“எனக்கு எப்பம்மா அஞ்சு வயசாகும்? எனக்கும் அது போட்டா இதெல்லாம் கேக்காதுல்ல?”