கணையமரத்தின் புரை

கொள்ளிடத்தின் புதுவெள்ளம் வடிந்து, கரையோரத்து நாணல்கள் மறுபடியும் தலைநிமிர்ந்திருந்த புரட்டாசிப் பௌர்ணமியின் அந்திப்பொழுது. மேற்கே செவ்வானம் மங்குமுன்பே கிழக்கே முழுமதி எழுந்து, நெடுங்கரைக் கோட்டையின் கொத்தளங்களை வெண்ணிலாவில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. அந்த அழகை நின்று பருக நமக்கு அவகாசமில்லை, அன்பு வாசகர்களே. ஆற்றங்கரை மருதமரத்தருகே உள்ள சின்னஞ்சிறு தச்சுப்பட்டறைக்குள் நாம் உடனே நுழைந்தாக வேண்டும். அங்கே ஒரு முழ நீள மரத்துண்டில் ஒரு மனிதரின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தத் துண்டைக் கொண்டுவந்தவள் பரவை. மூன்று மாதங்களாகத் தன் யாழைச் செப்பனிடும் சாக்கில் அங்கே வந்துபோகிறவள்; அவள் வரும் நாளில் தச்சன் வெண்காடனுக்கு உளி ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருக்கும்.

"தச்சரே, நேற்று யானையை முட்டவிட்டுக் கோட்டைக் கதவைச் சோதித்தார்கள். குறுக்கே இட்டிருந்த கணையமரம் முறிந்தது. முறிவுக்குள் மரத்தூள் இருந்ததால், திருட்டுத்தனமாக அறுத்துவைத்திருக்கிறார் என்று வாயிற்காவலரான கண்டரைச் சிறையிலிட்டுவிட்டார்கள். நாளை உதயத்தில் மரண தண்டனை. இது அறுத்த மரமா, தானே முறிந்த மரமா? பார்த்துச் சொல்வீரா?"

வெண்காடன் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையை யாராவது அடையாளம் காட்டுவார்களா? மரத்தின் மேல்முகத்தில் மயிரிழை போல ஒரு மேடு நீளவாக்கில் ஓடியது. அவனுடைய இழைப்புளியின் அலகில் எள்ளளவு பல் உடைந்திருக்கிறது. அது போகுமிடமெல்லாம் அந்தக் கோடு விழும்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஏழு பட்டறைகளுக்கு ஏழு கணையங்கள் செய்ய அரண்மனை ஆணை வந்தது. பத்தே நாள் கெடு. கடைசி முகத்தை இழைக்கும்போதுதான் உள்ளே கைப்பிடி அளவு புரையோடிய பொந்து தெரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மரத்தூளைத் திணித்து, மேலே அரக்கை உருக்கி ஊற்றி, நிறம் தெரியாமல் இழைத்துக் கொடுத்துவிட்டான். கட்டில் காலுக்கு எல்லாத் தச்சர்களும் செய்கிற வேலைதான். ஆனால் கட்டிலில் ஒருவர் படுப்பார். கணையத்தை நம்பி ஓர் ஊரே படுத்திருந்தது.

அவன் திணித்த தூள்தான் இன்று கண்டன் மீது சாட்சி சொல்லியிருக்கிறது. பரவை வரும்போதெல்லாம் மருதமரத்தடியில் காத்து நிற்பானே, அந்தக் கண்டன். அவனை எண்ணி வெண்காடன் எத்தனை நாள் உள்ளுக்குள் வெந்திருக்கிறான்!

"எனக்குத் தெரியவில்லை, அம்மணி" என்றான்.

பரவை துண்டைத் துணியில் சுற்றினாள். "மற்ற ஆறு பட்டறைகளிலும் கேட்டுவிட்டேன். யார் சொன்னதையும் என் மனம் நம்பவில்லை. பொய் சொல்லாதவர் என்று உம்மிடம் கடைசியாக வந்தேன். உமக்கே தெரியவில்லை என்றால் விதிதான்."

அவள் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள், "நில்லுங்கள். அது என் கைவேலை" என்றான் வெண்காடன். புரையையும் அரக்கையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னான்.

பரவையின் கண்கள் கலங்கின. "ஓர் அப்பாவியைக் காப்பாற்றப் பழியை நீர் ஏற்கிறீர். உம்முடைய பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். ஆனால் சான்றில்லாமல் சபையில் இது செல்லாது."

அந்தப் புகழ்ச்சி சாட்டையடியாக விழுந்தது. அவன் இழைப்புளியை எடுத்து ஒரு பலகையில் ஓட்டினான். பலகையில் அதே மயிரிழை மேடு. துண்டை அருகே வைத்ததும் அவள் முகம் மாறியது.

"பின் ஏன் முதலில் தெரியாது என்றீர்?"

"புரையை அடைத்தது அவசரம், அம்மணி. தெரியாது என்றது அவசரமல்ல. கண்டன் ஒழிந்தால் தங்கள் பக்கத்தில் இடம் காலியாகுமென்று என் பாழும் மனம் நினைத்தது."

அவள் மடியிலிருந்து மயில் பொறித்த முத்திரை மோதிரத்தை எடுத்து விரலில் அணிந்தாள். போர்முனைக்குச் சென்றிருக்கும் சிற்றரசரின் மகள், நாளைய தண்டனை ஓலையில் முத்திரையிட வேண்டிய இளவரசி, அவன்முன் நின்றாள்.

"கண்டர் எனக்குத் துணையாக வந்தவர். அவருக்கு மனைவியும் இரண்டு பெண்குழந்தைகளும் இருக்கிறார்கள்" என்றாள்.

வெண்காடன் மண்டியிட்டு வலக்கையை நீட்டினான். "இதை வெட்டச் சொல்லுங்கள், தேவி."

"வெட்டினால் கணையம் யார் செய்வது? பன்னிரண்டு நாளில் பகைவர் வந்துவிடுவார்கள்."

அவன் அண்ணாந்து பார்த்தான். "இந்தப் பட்டறையின் உத்திரம் நாற்பது ஆண்டு காய்ந்த வேங்கை மரம். புரையைக் கண்ட அன்றும் இங்கேதான் இருந்தது. கூரை போய்விடுமே என்று தொடாமல் விட்டேன். இன்றே இறக்குகிறேன். பகைவரின் யானை முட்டும் நாளில் அந்தக் கணையத்தில் முதுகைச் சாய்த்து நிற்பேன். அது முறிந்தால் என் எலும்பும் கூடவே முறியட்டும். இது கொள்ளிடத்தின்மேல் ஆணை."

"அந்த நாள் கழியட்டும். உம் தண்டனையை அப்போது சொல்கிறேன்" என்று கூறி, அவன் இழைத்த பலகையையும் முறிந்த துண்டையும் ஏந்திக்கொண்டு இளவரசி கோட்டையை நோக்கி விரைந்தாள்.

வெண்காடன் அரக்குச் சட்டியை ஆற்றில் எறிந்தான். அலகைத் தீட்டச் சாணைக்கல்லை எடுத்தவன், அந்த உடைந்த பல்லைத் தடவிப் பார்த்தான். பிறகு கல்லைக் கீழே வைத்துவிட்டு, உத்திரத்தை இறக்கக் கூரைமேல் ஏறினான். புதுக் கணையத்திலும் அந்தக் கோடு இருக்க வேண்டும். செய்தவன் யார் என்று இனி எவரும் தேட நேரக்கூடாது.